படிவளர்ச்சிக் கதைகளிற் காதல்

வலியற்றவனாகப் பிறந்த ஒருவன் இடையறாப் பயிற்சியினாற் படிப்படியாக உயர்ந்து, ஈற்றில் எவரும் எதிர்நிற்க இயலாத ஆற்றலைப் பெறுதலைக் கூறும் கதைகள் எல்லா நாட்டிலும் உள. ஆயின், அவ்வுயர்ச்சியையே முதன்மைப் பொருளாகக் கொண்டு, அதன் படிகளை எண்ணிப் பெயரிட்டு, ஒவ்வொரு படியையும் வாசகன் கண்முன் ஏறிக் காட்டும் தனியிலக்கிய வகை ஒன்று அண்மைக் காலத்திலே உருப்பெற்றுள்ளது. ஆங்கிலத்திற் புரோகிரஷன் பான்டஸி எனப்படும் இதனைத் தமிழிற் படிவளர்ச்சிக் கற்பனைக் கதை எனலாம். 2010ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஆண்ட்ரூ ரோ முதலிய எழுத்தாளர் இப்பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தனர். பெயர் புதியதாயினும் பொருள் முற்றும் புதியதன்று. வூசியா எனப்படும் சீனப் போர்க்கலை வீரர் கதைகளும், உள்ளுயிர்ப்பைப் பயின்று சாகாநிலை எய்த முயல்வோரைப் பற்றிய சியன்சியாக் கதைகளும் இதற்கு முன்னோடிகளாம். 2014இல் தொடங்கிய வூசியாவேர்ல்ட் போன்ற இணையத்தளங்களின் வாயிலாக அக்கதைகள் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டுப் பரவின. அவற்றைப் படித்து வளர்ந்தவர் பலர் தாமும் அவ்வகையிற் கதை புனையத் தலைப்பட்டனர்.

இக்கதைகள் இளைஞர் உள்ளத்தைக் கவர்தற்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை. உழைப்புக்கு ஏற்ற பயன் உலகியலில் எப்பொழுதும் கிட்டுவதில்லை; கதையிலோ தவறாது கிட்டுகின்றது. வகுப்பு, பரீட்சை, பதவி எனப் படிகளிலேயே வாழ்நாளைக் கழிக்கும் ஒரு தலைமுறைக்கு, ஏறிய படி ஒருபோதும் வீண்போகாத உலகம் ஒன்று ஆறுதல் அளிப்பது இயல்பே. ஆயின், இவற்றிற் காதலுக்குரிய இடம் யாது என்னும் வினாவிலே வாசகர் ஒருமுகப்படுவதில்லை. காதற்பகுதி வந்தவுடன் ஏடுகளைப் புரட்டிவிடுவோர் ஒரு சாரார். வீரன் நின்ற படி எத்தனையாவது என்பதை மறந்த பின்னும், அவனோடு நின்றவள் யார் என்பதை மறவாதோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருள் எவர் பக்கம் நியாயம் உளது என்பதை, வாசகர் பெரிதும் விரும்பும் காதல் வகைகளைத் தனித்தனியே நோக்கியே துணிதல் வேண்டும்.

முதற்கண் இவ்விலக்கிய வகைக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டை உணர்தல் தகும். காதல் ஒப்பினை வேண்டி நிற்பது. படிவளர்ச்சியோ ஒப்பினை அழித்துக்கொண்டே செல்வது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே தலைமக்களுக்குரிய ஒப்புக்களைப் பிறப்பு முதலாகத் திரு ஈறாகப் பத்தென வகுத்தார். களவியலிலே தலைவன் மிக்கோனாதல் விலக்கப்படவில்லை. தலைவி மிகுதல் பற்றி அங்கே பேச்சில்லை. இவ்வளவுகோல் தமிழ் அகத்திணைக்கு உரியது. சீனக் கதைக்கோ ஆங்கிலக் கதைக்கோ அதனை விதியாக்குதல் பொருந்தாது. எனினும், காதலைக் குறித்த வினாக்களுள் ஒப்பு பற்றிய வினாவே தலையாயது என்பதை அது தெளிவாக எடுத்துரைக்கின்றது. படிவளர்ச்சிக் கதையிலே இவ்வினா பன்மடங்கு கடுமையாகின்றது. இன்று ஒத்தவராய் நிற்கும் இருவருள் ஒருவன் நாளை பத்துப் படி உயர்வான். அவன் வாழ்நாள் நூற்றாண்டுகளாக நீளும். அவள் கூந்தல் நரைக்கும். ஒரு கணத்தில் அமைந்த ஒப்புப் போதாது, வளர்ச்சியினூடும் நிலைக்கும் ஒப்பு வேண்டும். இதனை எய்தும் வழியாலேயே இக்கதைகளின் காதல் வகைகள் வேறுபடுகின்றன.

மிகப் பரந்து காணப்படும் வகை காதலைப் பரிசாகக் கொள்வது. வீரன் ஒரு நகரை அடைகின்றான். அங்குள்ள செருக்குடைய இளைஞன் ஒருவனை வெல்கின்றான். அந்நகரத்து அழகி அவனை விரும்புகின்றாள். அடுத்த நகரிலும் அவ்வாறே. படிகள் கூடக் கூட மனைவியர் தொகையும் கூடுகின்றது. இதனை விரும்புவோர் தொகை சிறிதன்று. வெற்றி பெற்றவனுக்கு உலகம் அளிக்கும் சான்றிதழாக அங்கே பெண் நிற்கின்றாள். அவள் எந்நகரிற் காணப்பட்டாளோ அந்நகரிலேயே அவள் கதை முடிந்துவிடுகின்றது; பின்னர் அவள் பெயர் மட்டுமே வரும். இவ்வகையின் குறை மனைவியர் தொகையில் இல்லை. வளர்ச்சியே உயிராகிய ஒரு கதையில், வீரனுக்கு மிக அணுக்கமான மாந்தருக்கு வளர்ச்சி மறுக்கப்படுவதிலேயே உள்ளது.

தொகை குறையன்று என்பதற்குச் சீவகசிந்தாமணியே சான்று. எண்மரை மணந்த ஒருவனைப் பாடுதலின் மணநூல் என்னும் பெயரும் அதற்குண்டு. யாழ்ப்போரில் வென்று காந்தருவதத்தையையும், பாம்பின் நஞ்சைத் தீர்த்துப் பதுமையையும், திரிபன்றியை எய்து இலக்கணையையும் சீவகன் பெறுகின்றான். கலைத்திறத்துக்குப் பரிசாகவே பெண் கிடைத்தாள் என இங்கும் கூறலாம். எனினும் காந்தருவதத்தை தனக்கெனக் கலையும் வித்தையும் உடையவள். காப்பியமும் மணங்களோடு முடியாது முத்தி இலம்பகத்திலே முடிகின்றது. பெற்ற இன்பம் அனைத்தையும் ஈற்றிலே நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் ஒன்று திருத்தக்கதேவர் கையில் இருந்தது. இக்காலப் பரிசுக் காதற் கதைகளிற் பெரும்பாலானவை அத்தகைய துலாக்கோல் எதனையும் ஏந்தவில்லை.

சீன வீரர் கதையின் பேராசிரியராகிய ஜின் யோங் இக்குறையை நன்குணர்ந்திருந்தார். 1924இற் பிறந்து 2018இல் மறைந்த இவர், ஹொங்கொங் நாளிதழ்களிலே தொடராக எழுதிய நாவல்கள் பிற்காலப் படிவளர்ச்சிக் கதைகள் பலவற்றுக்கு ஊற்றாயின. 1961 முதல் 1963 வரை வெளிவந்த, வானுறை வாளும் நாகங்கொல் கத்தியும் பற்றிய நாவலிலே, ஜாங் வூஜி என்னும் தலைவன் ஒப்பற்ற உள்வலிமை பெறுகின்றான். நான்கு பெண்கள் அவனை விரும்புகின்றனர். நால்வரையும் ஒருங்கே பெறுவதாக அவனே ஒருபோது எண்ணி மகிழ்கின்றான். ஆசிரியர் அதனை வெற்றியாகக் காட்டவில்லை. போர்க்களத்தில் எவர்க்கும் அஞ்சாதவன் தன் நெஞ்சினைத் தானே அறியமாட்டாது தடுமாறுகின்றான் என்பதே அங்கே புலனாவது. கைவலி வளர்ந்த அளவுக்கு மனவலி வளரவில்லை.

இதனினும் கூரிய எள்ளல், 1969 முதல் 1972 வரை வெளிவந்த அவருடைய இறுதி நாவலில் உண்டு. மானும் கொப்பரையும் எனப் பொருள்படும் பெயருடைய அந்நாவலின் தலைவன் வெய் சியாவ்பாவ் எழுவரை மணக்கின்றான். ஜின் யோங் படைத்த தலைவர்களுள் மனைவியர் மிகுதியாக உடையவன் அவனே. போர்க்கலையை ஒழுங்காகக் கற்காதவனும் அவனே. ஆசான்கள் பலர் கிடைத்தும் சோம்பலாலும் சூதாலும் காலங்கழித்து, நாவன்மையாலும் நல்லூழாலும் பிழைத்துக்கொள்ளும் அவனுக்கே எழுவரும் வாய்க்கின்றனர். உயர்ந்தவனுக்குப் பெண்டிர் பரிசாவர் என்னும் கோட்பாட்டை இதனினும் நயமாகத் தலைகீழாக்குதல் அரிது.

இரண்டாவது வகை, இழந்த காதலை வளர்ச்சிக்குத் தூண்டுகோலாக்குவது. கைவிட்டுச் சென்றவளோ மாண்டவளோ வீரன் நெஞ்சிலே ஆறாத புண்ணாக இருந்து அவனை மேலேற்றுகின்றாள். தக்காளி உண்பவன் எனப் பொருள்படும் புனைபெயருடைய சீன ஆசிரியர் எழுதி, ஆங்கிலத்திற் கொயிலிங் டிராகன் எனப் பெயர்க்கப்பட்ட நெடுங்கதையிலே, லின்லி என்னும் இளைஞன் அலிசின் பிரிவால் உளம் நொந்து, அத்துயரையெல்லாம் ஒரு கற்சிலையிலே செதுக்குகின்றான். கனவினின்று விழித்தலைக் குறிக்கும் பெயரை அச்சிலை பெறுகின்றது. துயர் கலையாகி, கலை வளர்ச்சியாகும் அவ்விடம் கதைக்கு ஒரு மெய்ம்மையைத் தருகின்றது. பிரிந்தவளைப் பழிவாங்கும் பொருட்டு ஏறுபவனிலும், பிரிவைச் செதுக்கி முடித்து அதனை விட்டு நீங்குபவன் உயர்ந்தவன். பின்னர் டெலியாவின் அன்பை அவன் ஏற்பதற்கும் அதுவே வழி செய்கின்றது.

எர் கென் எழுதிய, ரெனகேட் இம்மோட்டல் என ஆங்கிலத்தில் வழங்கும் நெடுங்கதை இவ்வகையை வேறொரு திசையிற் கொண்டு செல்கின்றது. அதன் தலைவன் வாங் லின் கொடுமையும் தனிமையும் நிறைந்தவன், எண்ணிறந்தோரைக் கொன்றவன். லி மூவான் என்பவள் அவனைக் காத்திருந்து முதுமையுற்று இறக்கின்றாள். அவளுடைய உயிர்க்கூற்றைப் பேணி வைத்து, அவளை மீட்டுயிர்ப்பித்தற்கு வழி தேடியே அவன் விண்ணுலகப் படிகளை ஏறுகின்றான். ஏறுதலுக்கு ஏறுதலே காரணம் என்னும் வெறுமை இங்கே நீங்குகின்றது. ஆயினும் நுணுகி நோக்கின் ஒரு குறை எஞ்சும். கதையின் பெரும்பகுதியிலே லி மூவான் பேசாள், செயலாற்றாள், துயிலும் உயிராகவே இருப்பாள். அவள்மீது தலைவன் கொண்ட அன்பு பெரிது. அவ்வன்புக்கு உரியவளோ கதையில் மிகச் சிறிய இடமே பெறுகின்றாள். வாங் லின்னின் வளர்ச்சிக்கு அவள் காரணமேயன்றித் துணையல்லள்.

மூன்றாவது வகை, காதல் தானே வளர்ச்சிக்கு வாயிலாவது. இதற்கு ஜின் யோங்கின் கழுகெய்த வீரர் கதையினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1957 முதல் 1959 வரை தொடராக வந்த அந்நாவலின் தலைவன் குவோ ஜிங் மொங்கோலியப் புல்வெளியில் வளர்ந்தவன், நேர்மையன், அறிவு மந்தமானவன். எழுவர் ஆசான்கள் ஆண்டுக்கணக்காகக் கற்பித்தும் அவன் கற்றது சிறிதே. ஹுவாங் ரோங் கூர்த்த மதியினள். கடலிடைத் தீவொன்றின் தலைவனாகிய பெரும்புலவன் மகள். தந்தையோடு பிணங்கி, அழுக்கேறிய இரவலச் சிறுவன் வேடத்திலே அவள் அலையும்பொழுது குவோ ஜிங் அவளைக் காண்கின்றான். அவள் பெண்ணென்பதை அறியான். செல்வமகள் என்பதையும் அறியான். பசித்த ஒருவனுக்கு உணவளித்து, குளிருக்குத் தன் மேலாடையைத் தந்து, கேட்டவுடன் தன் அரிய குதிரையையும் கொடுத்துவிடுகின்றான். காதல் முளைத்த இடம் அது. அழகும் வீரமும் அங்கே வேலை செய்யவில்லை.

பின்னர் இரவலர் கூட்டத் தலைவராகிய ஹோங் சிகோங் என்னும் பெருவீரரை இருவரும் சந்திக்கின்றனர். அவர் உணவுப் பிரியர். ஹுவாங் ரோங் நாடோறும் புதுப்புது உணவு சமைத்து அவரை வயப்படுத்தி, நாகத்தை அடக்கும் பதினெட்டுக் கைவீச்சு என்னும் அரிய கலையைக் குவோ ஜிங்குக்குக் கற்பிக்கச் செய்கின்றாள். நகைச்சுவை மிக்க இப்பகுதியிலே ஆழ்ந்த கருத்தொன்று மறைந்துள்ளது. குவோ ஜிங் ஏறிய மிக முக்கியமான படியை அவனுக்குப் பெற்றுத் தந்தவை அவளுடைய அறிவும் கைத்திறனுமாம். அவள் அறிவினால் மிக்காள். அவன் உறுதியினால் மிக்கான். ஒருவர்க்கொருவர் எல்லாவற்றிலும் ஒத்திராமல், ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்தலால் ஒப்பு உண்டாகின்றது. பத்து ஒப்பும் நிரம்பியவரைச் சேர்த்து வைத்தல் கதைஞனுக்கு எளிது. ஒப்பில்லாத இருவரை ஒப்புடையவராக்குதலே அரிது.

இக்காதலும் இடையூறின்றிச் செல்லவில்லை. ஜெங்கிஸ்கானின் மகளை மணப்பதாகக் குவோ ஜிங்குக்கு முன்னரே நிச்சயம் செய்யப்பட்டிருந்தது. சொன்ன சொல்லைக் காக்க வேண்டும் என்னும் அவனுடைய நேர்மையே ஹுவாங் ரோங்கை வருத்துகின்றது. எந்தப் பண்பினால் அவள் அவனை விரும்பினாளோ, அந்தப் பண்பே அவளைப் பிரிக்கும் வாளுமாகின்றது. கைவீச்சின் வலிமை இச்சிக்கலை அவிழ்க்கமாட்டாது. படிவளர்ச்சிக் கதை எழுதுவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவாகும். ஆற்றலால் தீர்க்கத்தக்க இடர்ப்பாடுகளையே காதலுக்கு வைத்தாற் காதலும் மற்றொரு போராகிவிடும். ஆற்றலால் தீராத இடர்ப்பாட்டை வைத்தபொழுதே காதல் காதலாகின்றது.

நான்காவது வகை உலகத்தாரால் ஒவ்வாதெனக் கருதப்படும் காதல். 1959 முதல் 1961 வரை வெளிவந்த இதன் தொடர்ச்சி நாவலிலே, யாங் குவோவும் சியாவ்லொங்நூவும் மாணவனும் ஆசானுமாவர். ஆசானை மணத்தல் அக்காலச் சீன ஒழுக்கநெறிக்குப் பெரும்பழி. நல்லவனாகிய குவோ ஜிங்கே அவர்களுக்கு எதிராக நிற்கின்றான். இவ்வகை உறவை எளிதாக நியாயப்படுத்துதல் தகாது. கற்பிப்போனுக்கும் கற்போனுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு உண்மையானது. பிற்காலக் கதைகள் பல, தடையில் உள்ள கிளர்ச்சி ஒன்றையே கருதி இவ்வுறவைக் கையாள்கின்றன. ஜின் யோங் அதன் விலையைக் கதை முழுவதும் செலுத்த வைக்கின்றார்.

அவ்விருவரும் சேர்ந்து ஆடும் வாட்கலையை அவர் அமைத்த திறம் பாராட்டத்தக்கது. இரு வேறு குழுவினரின் வாள்முறைகள் தனித்தனியே நின்றால் அத்துணை வலியற்றவை. ஒருவர் தம் உயிரைக் கருதாது மற்றவரைக் காக்க முற்படும்பொழுது அவை இயல்பாகவே இணைந்து வெல்லற்கரியன ஆகின்றன. கற்பிக்கும் நிலையும் கற்கும் நிலையும் அங்கே மறைகின்றன. ஒருவர் படியை மற்றவர் படியோடு ஒப்பிட்டு நோக்குதற்கும் இடமில்லை.

பின்னர் வருவது பதினாறு ஆண்டுப் பிரிவு. நஞ்சுண்ட யாங் குவோ தன்னை விட்டு உயிர்வாழ மாட்டான் என அறிந்த சியாவ்லொங்நூ, பதினாறு ஆண்டுகள் கழித்துச் சந்திப்பதாகப் பாறையிலே பொறித்துவிட்டு மறைகின்றாள். ஒரு கையை இழந்த அவன் அப்பிரிவுத் துயரிலிருந்தே புதியதொரு போர்முறையை வகுக்கின்றான். உள்ளம் சோர்ந்து உருகி நிற்கும்பொழுதே அதற்கு ஆற்றல் உண்டு. பதினாறு ஆண்டு கழிந்து அவளை மீண்டும் பெற்ற பின்னர், பகைவன் முன்னே அதனைக் கையாள முயல்கின்றான், அது பயன்படவில்லை. நெஞ்சு மகிழ்ந்திருத்தலின் கை வலியிழந்தது. இனி அவளைக் காணுதல் இயலாது, இறப்பே வந்தது என்று எண்ணிய கணத்திலே அக்கை மீண்டும் வலிபெறுகின்றது. இழப்பையே வளர்ச்சிக்கு உணவாக்கும் இரண்டாவது வகைக் கதைகளுக்கெல்லாம் இந்நிகழ்ச்சி சிறந்ததொரு மறுமொழியாகும். துயரத்தாற் பெற்ற வலிமை உண்மையானதே. ஆயினும் அதனைத் துறந்து மகிழ்ச்சியை ஏற்க ஒருவன் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். எல்லா வலிமையும் எந்நாளும் தன்னிடமே இருக்க வேண்டும் என விரும்புபவன் காதலிக்க வல்லவனல்லன்.

ஐந்தாவது வகை, இருவரும் ஒருங்கே ஏறுவது. இக்கால வாசகர் பெரிதும் போற்றும் வகை இது. வில் வைட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2016இல் தொடங்கி 2023இல் பன்னிரண்டு தொகுதிகளாக முடித்த கிரேடில் வரிசை இதற்கு எடுத்துக்காட்டு. கிரேடில் என்பதற்குத் தொட்டில் என்பது பொருள். அதன் தலைவன் லிண்டன், ஆன்மவலி அற்றவன் எனத் தன் ஊராராலேயே முத்திரையிடப்பட்டு, பயிற்சியும் மறுக்கப்பட்டவன். யெரின் வாட்கலை வல்லவள். மாண்டுபோன பேராசான் ஒருவரின் மாணவி. இருவரும் சந்திக்கும்பொழுது அவள் அவனைவிடப் பல படி மேலே நிற்கின்றாள். களவியல் பேசாது விட்ட நிலையிலிருந்தே, அஃதாவது தலைவி மிக்காளாக நிற்கும் நிலையிலிருந்தே, இக்காதல் தொடங்குகின்றது.

இங்கே காதற்பேச்சு மிகக் குறைவு. பல தொகுதிகள் கடந்த பின்னரே அதற்குக் காதல் என்னும் பெயர் வாய்க்கின்றது. அதுவரை உள்ளவை உடன் பயிலுதல், காயத்துக்குக் கட்டுப் போடுதல், ஒருவர் தவறியவிடத்து மற்றவர் நிற்றல் ஆகியவையே. காதல் போதாது எனக் குறை கூறுவோர் உண்டு. ஆயின் ஆசிரியர் செய்த நுட்பம் வேறிடத்தில் உள்ளது. யெரினுக்கும் தனிப்பாதை உண்டு. அவள் உள்ளே குடியிருக்கும் இரத்த நிழல் என்னும் தீய ஆவியோடு அவளே போராடுகின்றாள். உலகத்து இளவீரர் அனைவரும் கூடிய பெரும்போட்டியிலே வெற்றி பெறுபவள் அவளேயன்றி லிண்டன் அல்லன். 2020இல் வெளிவந்த எட்டாவது தொகுதியிலே இருவரும் மிக உயர்ந்த நிலைகளை வெவ்வேறு வழியால் அடைகின்றனர். அவன் ஒரு வகை உயர்வும் அவள் மற்றொரு வகை உயர்வும் பெறுதலின், யார் மேல் யார் கீழ் என்னும் வினாவே பொருளற்றதாகின்றது. இறுதியில் இருவரும் ஒருங்கே அவ்வுலகைக் கடந்து செல்கின்றனர். இருவர்க்கும் இரு பாதை வகுத்து, அவை அடிக்கடி கூடவும் பிரியவும் வைத்ததே இவ்வரிசையின் சிறப்பு.

இனி, காதலைத் துறந்த கதை ஒன்றும் கருதற்பாலது. குரோவேசியரான டொமகொய் குர்மாயிச் 2011 முதல் 2020 வரை இணையத்திலே தொடராக எழுதிய மதர் ஒவ் லேர்னிங் என்னும் நாவலிலே, சோரியன் என்னும் மாணவன் ஒரே மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்கின்றான். மாத முடிவில் உலகம் முழுவதும் தொடக்கத்துக்கு மீள்கின்றது. கற்றதனைத்தும் அவன் நினைவில் நிற்கும். அவனைச் சூழ்ந்தோர்க்கோ ஏறத்தாழ யாதும் நினைவில்லை. படிவளர்ச்சிக்கு இதனினும் வாய்ப்பான களம் இல்லை. காதலுக்கு இதனினும் கொடிய களமும் இல்லை. ஒருத்தியின் விருப்பு வெறுப்புக்களையெல்லாம் பலமுறை அறிந்துகொண்ட ஒருவன், அவனை முதன்முறை காண்பதாக எண்ணும் அவளிடம் காதல் பேசுதல் வஞ்சகத்துக்கு அணித்தாகும். அது கைக்கிளையுமாகாது, கைக்கிளையில் எதிர்நிற்பவள் அன்பை அறியாமலிருத்தல் மட்டுமே உண்டு, இங்கோ அவளை ஒளித்து வைத்துப் படித்தல் உண்டு. ஆசிரியர் இதனை உணர்ந்து காதலைப் பெரிதும் விலக்கினார் எனக் கொள்ளல் தகும்.

எனினும் அன்பை அவர் விலக்கவில்லை. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் சோரியனைத் துயிலெழுப்புபவள் அவன் சிறு தங்கை கிரியெல். முதலில் அவளைத் தொல்லையாகக் கருதியவன், மாதங்கள் கழியக் கழிய அவளை உடனழைத்துச் செல்லவும் கற்பிக்கவும் முற்படுகின்றான். மந்திர ஆற்றலில் அவன் பெற்ற உயர்வைக் காட்டிலும், அத்தங்கையோடு அவன் பேசும் முறையில் நேர்ந்த மாற்றமே அவன் வளர்ந்தமைக்கு உறுதியான சான்று. காதல் இல்லாவிடத்தும் வளர்ச்சியை அளப்பது அன்பே என்பது இதனாற் பெறப்படும். காதற்பகுதியை வெறுத்து ஏடு புரட்டுவோர் வெறுப்பது அன்பையன்று; அளக்கும் கோலாக நிற்க வேண்டிய ஒன்று அளக்கப்படும் பொருளாய்ச் சிறுத்து நிற்றலையே அவர் வெறுக்கின்றனர்.

இறுதியாக இல்லறத்தை நாடும் வகை. காஷுவல் பார்மர் என்னும் புனைபெயருடைய ஆசிரியர் 2020இல் தொடங்கிய பிவேர் ஒவ் சிக்கன் இவ்வகையினது. அதன் தலைவன் ஜின், படிகளில் ஏறுவோரின் ஈவிரக்கமற்ற உலகைக் கண்டு அஞ்சி, தன் குருகுலத்தை நீங்கி, வலியற்ற நாட்டுப்புறம் ஒன்றிலே நிலம் வாங்கி உழவனாகின்றான். அயலூர் மருத்துவன் மகள் மெய்லிங்கை மணக்கின்றான். ஏற மறுத்தவன் ஏறிவிடுகின்றான் என்பதே கதையின் நயம். தன் ஆற்றலை அவன் நிலத்துக்குக் கொடுக்க, நிலம் அதனைத் திருப்பிக் கொடுக்கின்றது. மெய்லிங் அவன் வெற்றிக்குக் கிடைத்த பரிசல்லள். வெற்றியை நாடுதலை அவன் கைவிட்டமையாற் கிடைத்தவள். பெரும்பாலான கதைகள் மணத்தோடு நின்றுவிட, இக்கதை மணத்தின் பின்னரும் நடக்கின்றது. விதைப்பும் அறுவடையும் விருந்தோம்பலும் அங்கே காதலின் தொடர்ச்சியாக அமைகின்றன. இடையிடையே இனிமை மிகுந்து திகட்டுதல் உண்டு; தலைவனுக்கு நேரும் இன்னல்கள் எளிதில் நீங்கிவிடுதலும் உண்டு. ஆயினும், ஏறுதல் எதன் பொருட்டு என்று நிறுத்திக் கேட்ட கதைகளுள் இதற்கு இடமுண்டு.

இவ்வகைகளை ஒருங்கு வைத்து நோக்குங்கால் சில துணிபுகள் பெறப்படும். படிவளர்ச்சிக் கதைக்குக் காதல் தேவையில்லை என்பாரின் கூற்று, பரிசுக் காதலைக் குறித்த அளவில் உண்மையே. அதனை நீக்கிவிடினும் வீரன் ஏறிய படிகளுள் ஒன்றும் குறையாது. ஆயின் ஹுவாங் ரோங்கை நீக்கிவிட்டுக் குவோ ஜிங்கின் வளர்ச்சியைக் கூறவியலாது. யெரினை நீக்கிவிட்டு லிண்டனின் பாதையை வரைய இயலாது. நீக்கின் கதை சிதையுமா என்பதே முதற்சோதனை. அன்புக்குரியவள் தானும் வளர்கின்றாளா என்பது இரண்டாவது. ஆற்றலால் தீராத இடர்ப்பாடு ஒன்றையேனும் அக்காதல் வீரன்முன் நிறுத்துகின்றதா என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் தேறிய காதலே வாசகர் நெஞ்சில் நெடுநாள் நிலைபெறுகின்றது.

படிகளை எண்ணிக் காட்டும் இக்கதைகளிலே எண்ணிக்கைக்கு உட்படாதது அன்பு ஒன்றே. ஆதலின் அதனைப் பன்னிரண்டாவது படியாகவோ பதின்மூன்றாவது படியாகவோ அமைக்கும் ஆசிரியர் தம் கதையிலுள்ள ஒரே அளவுகோலைத் தாமே முறித்துவிடுகின்றனர். குவோ ஜிங்கும் ஹுவாங் ரோங்கும் தம் காலத்துப் பெருவீரர் வரிசையில் எந்நிலையை அடைந்தனர் என்பதை வாசகர் விவாதித்துக்கொண்டே இருப்பர். ஷியாங்யாங் நகர் 1273இல் மொங்கோலியர் கையில் வீழ்ந்தது வரலாறு. அந்நகரை ஆண்டுக்கணக்காகக் காத்து நின்ற அவ்விருவரும் அதனோடு ஒருங்கே மாண்டனர் என்று ஜின் யோங் பின்னொரு நாவலிலே சில சொற்களாற் குறிப்பிட்டுச் செல்கின்றார். அவ்விடத்தைப் படிப்பவர் எவரும் அவர்களுள் வலிமையில் மிக்கவர் யார் என்று கேட்பதில்லை.